ரோபோகாப்: மூன்று கட்டளைகளும் ஒளித்துவைத்த நான்காவதும்

போன இதழில் ரீமேக் படங்களைப் பற்றிப் பேசும்போது, பாதி மனிதன் பாதி இயந்திரமான ஒரு போலீஸ்காரரைப் பற்றி 1987-இல் வந்த ரோபோகாப்பை 2014-இல் மறுபடியும் எடுத்திருக்கவே வேண்டாம் என்று ஒற்றை வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்து குவிந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், வடசென்னையில் வார்டு கவுன்சிலரைவிட இந்த இரும்புப் போலீஸ்காரர் மீதுதான் மக்களுக்குக் கருத்து அதிகம் போலிருக்கிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். இரண்டு படங்களின் முடிவையும் சொல்லப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

*

ஐயா, நான் 2014 படத்தைத்தான் முதலில் பார்த்தேன், பிடித்திருந்தது. என் அப்பா பழைய படத்தைப் போட்டுக் காட்டி, 'இதுதான் படம்' என்கிறார். அதில் வரும் பெரிய இயந்திரம் பொம்மை மாதிரி நடக்கிறது. எங்கள் வீட்டில் இதே சண்டை. நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.
– எஸ்.கே., கல்லூரி மாணவர், கொடுங்கையூர்

தம்பி, அது பொம்மை மாதிரி நடக்கவில்லை, பொம்மையேதான். போலீஸ் வேலைக்காகக் கதையில் ஒரு கம்பெனி செய்யும் ஈ.டி. 209 என்ற அந்த இயந்திரத்தின் சின்ன உருவம் ஒன்றைச் செய்துவைத்துக்கொண்டு, ஃபில் டிப்பெட் என்ற கலைஞரும் அவருடைய ஆட்களும் அதன் காலை அரை நூல் நகர்த்துவது, ஒரு படம் எடுப்பது, மறுபடி அரை நூல் நகர்த்துவது என்று பொறுமையாக எடுத்தார்கள். திரையில் ஒரு நொடி ஓட 24 படங்கள் வேண்டும். ஆள் உயரத்துக்கு மேல் பெரிதாகவும் ஒன்றைச் செய்தார்கள். அது நிற்கும், நடக்காது.

நீங்கள் குறையாகச் சொல்லும் அந்தத் தட்டுத்தடுமாறும் நடைதான் இயக்குநர் பால் வெர்ஹோவனுக்குக் கிடைத்த வரம். கம்பெனிக் கூட்ட அறையில் அதை அறிமுகப்படுத்தும் காட்சியை நினைத்துப் பாருங்கள். மூத்த அதிகாரி டிக் ஜோன்ஸ் ஓர் இளம் அதிகாரியை எழுப்பி, கையில் துப்பாக்கியைக் கொடுத்து இயந்திரத்தின் பக்கம் நீட்டச் சொல்கிறார். துப்பாக்கியைக் கீழே போடச் சொல்லி இயந்திரம் 20 நொடி கெடு வைக்கிறது. அவர் போட்டுவிடுகிறார். இயந்திரத்துக்கு அது உறைக்கவில்லை. கெடு குறைந்துகொண்டே வருகிறது. அவர் யாரிடம் ஓடினாலும் அவரைப் பிடித்துத் தள்ளுகிறார்கள், தங்கள் மேல் குண்டு பட்டுவிடும் என்று. கடைசியில் அவர் சல்லடையாகி விழுவது எங்கே தெரியுமா? கம்பெனி கட்டப்போகும் புது நகரத்தின் மாதிரி வடிவத்தின் மேல். சின்னக் கோளாறுதான் என்கிறார் ஜோன்ஸ். கம்பெனித் தலைவர் கொதிக்கிறார்: இந்தத் தாமதத்தால் வட்டி மட்டுமே 5 கோடி டாலர் நஷ்டமாகுமே என்று.

நான் லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவன். புது இயந்திரம் வந்து இறங்கும் நாளில் முதலாளி, விற்ற கம்பெனியின் ஆள், பொருத்த வந்த மெக்கானிக் எல்லோரும் சுற்றி நிற்கும்போது அது முரண்டு பிடித்தால் யார் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். யாருக்கு அடிபட்டது என்பது இரண்டாவது கேள்வியாகத்தான் வரும். ஆர்டரை என்றைக்கு முடித்துக் கொடுப்பது என்பதுதான் முதல் கேள்வி. அந்த முகங்களை அச்சு அசலாகத் திரையில் வைத்திருக்கிறார் வெர்ஹோவன்.

1980-களின் இறுதியில் எங்கள் தெருவில் பணம் போட்டு டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுப்போம். இரண்டு தமிழ்ப் படம் ஓடி முடிந்தபின், மூன்றாவதாக இந்தக் கேசட்டைப் போட்டோம். பாதித் தெரு பாயிலேயே தூங்கிவிட்டிருந்தது. ஆங்கிலம் ஒருவருக்கும் புரியவில்லை. ஆனால் ரோபோகாப்பைத் துரத்திவரும் அந்தப் பிரம்மாண்ட இயந்திரம் மாடிப்படி முன்னால் வந்து நின்று, காலை நீட்டிப் பார்த்து, தயங்கி, தலைகுப்புற உருண்டு, மல்லாந்து கிடந்து காலை உதைத்துக்கொண்டு வீரிட்டபோது தூங்கியவர்களெல்லாம் எழுந்து சிரித்தார்கள். கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்தவர்களுக்கு, படி என்று ஒன்று உலகத்தில் இருப்பது நினைவில்லை. இதற்குச் சப்டைட்டில் எதற்கு? 2014 படத்தின் இயந்திரங்கள் வழுக்கிக்கொண்டு நடக்கின்றன, ஓடுகின்றன, பறக்கின்றன. ஒன்றுகூட உங்களைச் சிரிக்க வைக்காது.

சரி, தீர்ப்புக்கு வருகிறேன். இரண்டு படமும் ஒரே கதை என்று எல்லோரும் சொல்கிறார்கள். கதைச்சுருக்கம்தான் ஒன்று: அமெரிக்காவின் கார் ஆலை நகரமான டெட்ராய்ட்டில் போலீஸ்காரர் அலெக்ஸ் மர்ஃபி சிதைக்கப்படுகிறார், ஒரு கம்பெனி அவரைப் பாதி இயந்திரமாக்கித் தெருவில் விடுகிறது. ஆனால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. பழைய படத்தில் மர்ஃபி சாகிறார். சட்டப்படியும் செத்தவர். எழுந்து வருவது கம்பெனியின் சரக்கு. அந்தச் சரக்குக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தான் யார் என்று நினைவு வருகிறது. புதிய படத்தில் மர்ஃபி கண் விழிக்கும்போதே மர்ஃபிதான். மனைவி பெயர், மகன் பெயர், வீடு, கோபம் எல்லாம் இருக்கிறது. பிறகு மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைக் குறைத்து அவரை உணர்ச்சியில்லாத மரமாக்குகிறார்கள். அவர் அதிலிருந்து மீண்டு வருகிறார்.

இதனால் முடிவும் மாறிவிடுகிறது, நான் உங்கள் அப்பா பக்கம் சாய்வது இங்கேதான். பழைய ரோபோகாப்புக்கு மூன்று கட்டளைகள் பொறித்திருக்கிறார்கள்: மக்களின் நம்பிக்கைக்கு உரியபடி பணி செய், அப்பாவிகளைக் காப்பாற்று, சட்டத்தை நிலைநாட்டு. நான்காவது ஒன்று இருக்கிறது, அது ரகசியம். குற்றவாளி டிக் ஜோன்ஸைக் கைது செய்யப் போகும்போதுதான் அது தெரிகிறது. கம்பெனியின் மூத்த அதிகாரிகள் மேல் கை வைத்தால் இயந்திரம் முடங்கிவிடும். கடைசிக் காட்சியில் ஜோன்ஸ், தலைவரின் கழுத்தைப் பிடித்துத் துப்பாக்கியை வைத்திருக்கிறார். சாட்சியம் எல்லாம் திரையில் ஓடிவிட்டது. ரோபோகாப்பால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்போது அந்தக் கிழவர் ஒரு வரி சொல்கிறார்: ஜோன்ஸ், உனக்கு வேலை போயிற்று. அவ்வளவுதான். அடுத்த நொடி குண்டு பாய்கிறது. பொறித்த கட்டளை கடைசிவரை மீறப்படவே இல்லை. அதைத் திறந்துவிட்டது ஒரு வேலைநீக்க உத்தரவு!

புதிய படத்தில் அதே இடத்தில் முதலாளி ரேமண்ட் செல்லர்ஸ் கையில் ஒரு பட்டை கட்டியிருக்கிறார். அதைக் கட்டியவரைச் சுட ரோபோகாப்பின் கை எழாது. மனைவியும் மகனும் பக்கத்தில் நிற்க, மர்ஃபி பல்லைக் கடித்துக்கொண்டு மனவலிமையாலேயே அந்தத் தடையை மீறிச் சுட்டுவிடுகிறார். கைதட்டலாம். ஆனால் தம்பி, மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, 'பாசத்தால் ஓடு' என்றால் ஓடுமா? பாசம் வென்ற படங்கள் நம்மிடம் ஏற்கெனவே வண்டி வண்டியாக இருக்கின்றன. முதலாளியைத் தொடாதே என்று தொழிலாளியின் உடம்புக்குள்ளேயே எழுதிவைத்து, அதை அவனிடமிருந்தே மறைத்துவைத்த படம் எனக்குத் தெரிந்து அந்த ஒன்றுதான்.

அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நீங்கள் ரசித்ததிலும் நியாயம் இருக்கிறது, அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

*

சென்னையை இந்தியாவின் டெட்ராய்ட் என்கிறார்கள். அந்த டெட்ராய்ட் உண்மையிலேயே படத்தில் காட்டுவது போல் பாழடைந்த ஊர்தானா?
– பி.வி., ஓய்வுபெற்ற ரயில்பெட்டித் தொழிலாளி, பெரம்பூர்

நண்பரே, முதலில் ஒரு தகவல். இரண்டு படமும் டெட்ராய்ட்டில் எடுக்கப்பட்டவை என்று சொல்ல முடியாது. பழையதைப் பெரும்பாலும் டெக்சாஸின் டாலஸ் நகரில் எடுத்தார்கள். கம்பெனியின் தலைமையகமாக வரும் கட்டடம் டாலஸ் நகராட்சி மாளிகை, மேலே வானளாவ இருப்பதெல்லாம் வரைந்து ஒட்டியது. புதியது பெரும்பகுதி கனடாவில், டொரன்டோவிலும் ஹாமில்டனிலும் எடுத்தது.

ஊரின் கதை மட்டும் உண்மை. 1950-இல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18 லட்சத்துக்கு மேல். 2010-இல் 7 லட்சத்துச் சொச்சம். கார் ஆலைகள் மூடின, இடம் மாறின, ஆட்கள் ஊரைக் காலி செய்தார்கள். 2013 ஜூலையில் அந்த மாநகராட்சியே திவால் மனு கொடுத்தது. அதற்கு ஏழு மாதம் கழித்து, 2014 பிப்ரவரியில் புதிய படம் வெளிவருகிறது. கையில் இப்படி ஒரு செய்தியை வைத்துக்கொண்டு, பளபளப்பான கண்ணாடிக் கட்டடங்களும் சுத்தமான தெருக்களுமாக ஒரு டெட்ராய்ட்டைக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு ஆறவில்லை.

பழைய படத்தில் ஊர் தோற்றுப்போய், காவல்துறையை நடத்தும் பொறுப்பை ஓ.சி.பி. என்ற கம்பெனியிடம் ஒப்பந்தமாகக் கொடுத்திருக்கிறது. கம்பெனிக்குப் பழைய டெட்ராய்ட்டை இடித்துத் தள்ளிவிட்டு டெல்டா சிட்டி என்று புதிதாகக் கட்ட வேண்டும். போலீஸ்காரர்கள் சாகிறார்கள், ஆள் பற்றாக்குறை, ஆகவே வேலைநிறுத்தம் என்ற பேச்சு ஸ்டேஷனில் எழுகிறது. சார்ஜென்ட், நாம் போலீஸ், வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்று சத்தம் போடுகிறார். கடைசியில் செய்தும் விடுகிறார்கள். சுட்டுச் சண்டைகளுக்கு நடுவே இந்தச் சங்க விவகாரம் ஒரு நூல் போல ஓடிக்கொண்டே இருக்கும். 1918-இல் பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியது எங்கே? பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்களை வைத்து, உங்கள் பெரம்பூரில். 1921 வேலைநிறுத்தத்தின்போது கலவரத்தில் புளியந்தோப்பு பட்ட பாடு இன்றும் பேசப்படுகிறது. நம் பக்கத்துப் பார்வையாளனுக்கு அந்த ஸ்டேஷன் காட்சி எதற்கு இருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. புதிய படத்தில் சங்கமும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. அதை எழுதியவர்களுக்கு அது கதைக்குத் தேவையற்ற சங்கதியாகத் தோன்றியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய படத்தின் இறுதிச் சண்டையை பென்சில்வேனியாவின் மொனெசன் என்ற ஊரில், மூடப்பட்ட இரும்பாலையில் எடுத்தார்கள். நம் பி அண்ட் சி மில், அதாவது அதே பக்கிங்காம், கர்நாடிக் மில், 1996-இல் மூடியபிறகு, எத்தனை தமிழ்ப் படங்களின் சண்டைக் காட்சிகள் அந்தப் பின்னி மில் வளாகத்தில் எடுக்கப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். மூடிய ஆலை எந்த நாட்டில் இருந்தாலும் முதலில் வருபவர் சண்டைப் பயிற்சியாளர்தான் போலும்.

இந்தியாவின் டெட்ராய்ட் என்ற பட்டம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக்கு. எண்ணூரில் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் வண்டி செய்துகொண்டிருந்த காலத்தில் நமக்கு இப்படிப் பட்டம் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

*

பழைய படத்தில் மர்ஃபியின் கூட்டாளி லூயிஸ் ஒரு பெண். புதிய படத்தில் லூயிஸ் ஆணாகிவிட்டார். அதற்கு ஈடாக மனைவிக்கு நிறையக் காட்சிகள். இது முன்னேற்றமா, பின்னேற்றமா?
– ஜே.எம்., பள்ளி ஆசிரியை, ராயபுரம்

டீச்சர், நல்ல கேள்வி. நான்ஸி ஆலன் நடித்த ஆன் லூயிஸை நாம் முதலில் பார்ப்பதே ஸ்டேஷனில் முரண்டு பிடிக்கும் ஒருவனை அவர் அடித்துச் சாய்க்கும்போதுதான். பிறகு வாயில் சூயிங்கம்மோடு ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். 1987-இல் ஒரு சண்டைப் படத்தில் கதாநாயகனுக்குக் காதலியாக இல்லாமல், சக ஊழியராகவே கடைசிவரை இருக்கும் பெண் என்பது சாதாரணம் அல்ல. உருமாறிய ரோபோகாப்பை மர்ஃபி என்று முதலில் கண்டுகொள்பவரும் அவர்தான். துப்பாக்கியை விரலில் சுழற்றி உறையில் செருகும் பழக்கம் மர்ஃபிக்கு உண்டு, மகன் பார்க்கும் டி.வி. நாயகனைப் பார்த்துப் பழகிக்கொண்டது. இரும்புக் கை அதே போல் சுழற்றுவதை அவர் கவனித்துவிடுகிறார். புதிய படத்தின் ஜாக் லூயிஸ் நல்ல நடிகர்தான், மைக்கேல் கே. வில்லியம்ஸ். அவருக்கு வேலையே கொடுக்கவில்லை.

மனைவி கிளாராவுக்குக் காட்சிகள் உண்டு என்பது சரி. கையெழுத்துப் போடுகிறார், காத்திருக்கிறார், அழுகிறார், கேள்வி கேட்கிறார். ஆனால் எனக்கு மனைவி இல்லாத அந்தப் பழைய காட்சிதான் பெரிது. ரோபோகாப் தன் பழைய வீட்டைத் தேடிப் போகிறார். வாசலில் விற்பனைக்கு என்று பலகை. கணவன் செத்தான் என்று அவர்கள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். அறைக்கு அறை ஒரு டி.வி. பெட்டி, அதில் சிரித்த முகத்தோடு வீடு விற்பவர், சமையலறை எப்படி இருக்கிறது பாருங்கள், வாங்கத் தயாரா என்று கேட்டுக்கொண்டே வருகிறார். ஒவ்வொரு அறையிலும் ஒரு துண்டு நினைவு வந்து அறுந்துபோகிறது. கடைசியில் ரோபோகாப் அந்த டி.வி.யை ஒரு குத்து விடுகிறார். அழுகை இல்லை, வசனம் இல்லை. அந்த இடத்தில் கிளாராவைக் கொண்டுவந்து நிறுத்தி இரண்டு பக்கம் பேசவைத்தாலும் இவ்வளவு வராது. ஆகவே, லூயிஸ் விஷயத்தில் பின்னேற்றம். கிளாரா விஷயத்தில் நல்ல எண்ணம், சுமாரான பலன்.

*

பழையது என்றால் உங்களுக்கு எல்லாமே பொன். 2014 படத்தில் நல்லதாக ஒன்றுமே இல்லையா?
– டி.ஆர்., திருவொற்றியூர்

இருக்கிறது. கோபப்படாதீர்கள்.

இரண்டு படத்தையும் சேர்த்து வைத்தால் மிகக் கொடூரமான காட்சி புதியதில்தான் இருக்கிறது, அதில் ஒரு துளி ரத்தம் இல்லை. மர்ஃபி தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று காட்டச் சொல்கிறார். டாக்டர் டென்னெட் நார்டனாக வரும் கேரி ஓல்டுமேன் தயங்கித் தயங்கி ஒப்புக்கொள்கிறார். எதிரே கண்ணாடி. கவசம் ஒவ்வொரு பகுதியாகக் கழன்று விலகுகிறது. கால் போயிற்று, இடுப்பு போயிற்று, வயிறு போயிற்று. கடைசியில் தொங்குவது ஒரு முகம், தொண்டை, கண்ணாடிக் கூட்டுக்குள் ஏறி இறங்கும் நுரையீரல், தனியாக ஒரு வலது கை. மர்ஃபி பார்த்துவிட்டு, மூடச் சொல்கிறார். பழைய படத்தில் இதற்கு இணை இல்லை.

அந்தக் கையையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய படத்தில் மர்ஃபியின் ஒரு கையைக் காப்பாற்றிவிட்டோம் என்று மருத்துவக் குழு பெருமையாகச் சொல்கிறது. திட்டத்தை நடத்தும் பாப் மார்ட்டன், முழு உடம்பும் செயற்கை என்றுதானே பேச்சு, எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். இவ்வளவையும் கிடப்பவரின் கண் வழியாகவே நாம் பார்க்கிறோம். புதிய படத்தில் அந்த ஒரு கையை விட்டுவைக்கிறார்கள். பழையதில் கேட்பார் இல்லாமல் வெட்டுகிறார்கள், புதியதில் கணக்குப் பார்த்து விட்டுவைக்கிறார்கள். இரண்டும் இரண்டு காலத்து முதலாளிகள்.

புதிய படத்தில் செயற்கைக் கை பொருத்திய கிதார் கலைஞர் ஒருவர் வருவார், நினைவிருக்கிறதா? மெதுவாக வாசிக்கும்போது சரியாக வருகிறது, உணர்ச்சிவசப்பட்டதும் விரல் தடுமாறுகிறது. உணர்ச்சி இல்லாமல் எப்படி வாசிப்பேன் என்கிறார். மொத்தப் படத்தின் பிரச்சினையும் அந்தச் சில நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. ஆய்வுக்கூடத்திலிருந்து மர்ஃபி தப்பித்து ஓடி, கதவுக்கு வெளியே பார்த்தால் சீனாவின் நெல்வயல், சேற்றில் பெண்கள் நாற்று நடுகிறார்கள். நல்ல இடம். இயக்குநர் ஜோசே பாடில்யா பிரேசில்காரர், அவருடைய போலீஸ் படம் ஒன்று 2008-இல் பெர்லினில் தங்கக் கரடி விருது வாங்கியது. டெஹ்ரான் தெருவில் அமெரிக்க இயந்திரங்கள் வீடு வீடாகச் சோதனை போடும் தொடக்கக் காட்சியில் அந்தக் கை தெரிகிறது. அதற்கு மேல் பணம் போட்டவர்களின் கை ஓங்கியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பணம் என்றதும் ஒரு கணக்கு. பழையதன் செலவு 1.3 கோடி டாலருக்குச் சற்று மேல், அமெரிக்காவில் வசூல் 5.3 கோடி. புதியதன் செலவு சுமார் 10 கோடி, அமெரிக்காவில் வசூல் 5.8 கோடி. இடையில் 27 ஆண்டு விலைவாசி. உலகம் முழுவதும் சேர்த்து 24 கோடி வந்ததால் பிழைத்தார்கள்.

*

இதே வெர்ஹோவன் எடுத்த செவ்வாய்க் கிரகப் படத்தையும் ரீமேக் செய்தார்களே, டோட்டல் ரீகால்? அது எப்படி?
– என்.ஏ., மண்ணடி

1990-இல் அர்னால்டு நடித்தது, 2012-இல் காலின் ஃபாரல். ரீமேக்கில் செவ்வாய்க் கிரகமே கிடையாது. பூமிக்கு நடுவே துளை போட்டு ஆட்களை வேலைக்குக் கொண்டுபோகும் ஒரு ராட்சத லிஃப்ட் இருக்கிறது. அது ஒன்றைப் பார்க்கலாம். செவ்வாய் இல்லாத அந்தக் கதைக்கு ஏன் அதே பெயர் என்று கேட்டால் பதில் இல்லை. அதோடு ஒப்பிட்டால் 2014 ரோபோகாப் எவ்வளவோ தேவலை.

*

ரோபோகாப் நடந்து வரும் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதை எப்படிச் செய்தார்கள்?
– வி.கே., சவுண்ட் சர்வீஸ், தண்டையார்பேட்டை

தொழில்காரர் கேட்கும் கேள்வி. சத்தத் தொகுப்புக்காகவே அந்தப் படத்துக்குச் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள். ஸ்டேஷனுக்குள் ரோபோகாப் முதன்முதலாக வரும்போது ஆளை முழுதாகக் காட்டமாட்டார்கள். சொரசொரத்த கண்ணாடிக்குப் பின்னால் ஓர் உருவம், டி.வி. திரையில் ஒரு துண்டு, காலடிச் சத்தம். போலீஸ்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடுகிறார்கள். பாதி பாரம் அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் ராப் பாட்டின் செய்த அந்த உடுப்பு இரும்பு அல்ல, நுரை ரப்பரும் ஃபைபரும். பீட்டர் வெல்லர் ஒரு மௌன நாடக ஆசானிடம் நடை பழகினார். தலை முதலில் திரும்பும், உடம்பு பிறகு திரும்பும், கவனித்துப் பாருங்கள். உடுப்போடு காருக்குள் உட்கார முடியாததால், காரில் இருக்கும் காட்சிகளில் இடுப்புக்கு மேல் மட்டும்தான் கவசம்.

பாஸில் போலிடூரிஸின் இசையில் இரும்பை இரும்பால் அடிக்கும் ஓசை தாளமாக வரும். புதிய படத்துக்கு வேறு இசையமைப்பாளர், ஆனாலும் பழைய மெட்டைத் தொடக்கத்தில் எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். அதைக் கேட்டதும் எனக்கு வீட்டுக்குப் போய்ப் பழையதைப் போட வேண்டும் போலிருந்தது. இந்த மாதிரி உதவியை எந்த ரீமேக்கும் தனக்குத் தானே செய்துகொள்ளக் கூடாது.

*

என் மகனுக்குப் பதினொரு வயது. இயந்திரப் படம் என்றால் உயிர். இரண்டில் எதைக் காட்டலாம்?
– எல்.பி., வியாசர்பாடி

அம்மா, பழையதை இப்போது வேண்டவே வேண்டாம். மர்ஃபியைக் கொல்லும் காட்சியில் முதலில் கையைச் சுட்டுச் சிதறடிக்கிறார்கள், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். வெளியிடும்போதே அமெரிக்கத் தணிக்கைக் குழு பலமுறை திருப்பி அனுப்பி வெட்டவைத்த படம் அது. பொம்மைக் கடையில் ரோபோகாப் பொம்மை பார்த்துவிட்டுப் பையன் கேட்டால் ஏமாந்துவிடாதீர்கள்.

2014 படத்தை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டலாம். அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பெற்றோரை எச்சரிக்கும் சான்றைப் பெற்ற படம் அது. ஓர் இடம் மட்டும் கவனம்: மேலே திருவொற்றியூர்க்காரருக்கு எழுதினேனே, கண்ணாடி முன்னால் கவசம் கழன்று நுரையீரல் தெரியும் காட்சி. அது வரும்போது தண்ணீர் எடுத்துவரச் சொல்லி அவனைச் சமையலறைக்கு அனுப்பிவிடுங்கள். இரண்டு நிமிடம் போதும்.